மாலை போட்ட வீட்டில் ஒரு நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு என்ன வேண்டும் என்பது பதினோரு வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை. கேட்டருகே போய் நின்று குரைக்கும். திறந்துவிட்டால் வெளியே போகாது. திறந்த கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூடினால் மறுபடியும் குரைக்கும். கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடாது. பின்பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டால் ஒழுகுகிற தண்ணீரைத்தான் நக்கும், அதுவும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். மழை பெய்தால் அவசரத்துக்குக்கூடப் படி இறங்காது. குடை பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள் நான். விளாங்குடியில் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்க, ஒரு நாட்டு நாய்க்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பாட்டுக் கதை இதைவிட மோசம். கோழிக் கழுத்தும் ஈரலும் உப்பில்லாமல் வேகவைத்து, சோற்றில் கையால் பிசைந்து வைக்க வேண்டும். கரண்டியால் கலந்தால் அதற்கு எப்படியோ தெரிந்துவிடும். சாப்பிட்டு முடிக்கும்வரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்தால் அதுவும் தட்டை விட்டு எழுந்து பின்னாலேயே வரும். இப்படியெல்லாம் பழக்கிவிட்டவர் என் கணவர். அவர் எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே மெயின் ரோட்டில் பம்புசெட் மோட்டார் கடை வைத்திருக்கிறார். அவர் ஊரில் நாய்க்கு வாசலோடு சரி. எங்கள் வீட்டில் நாய் சோபாவில் படுத்திருக்கும், அவர் தரையில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்.

போன ஐப்பசி மழையில் அந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் கண்ணைத் திறக்கவில்லை. ஊசியும் மருந்தும் போய்க்கொண்டுதான் இருந்தன, உடம்பு கேட்கவில்லை. எட்டாம் நாள் காலையில் என் கணவர் அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் நிற்பதைக்கூடக் கவனிக்காமல், கையெடுத்துக் கும்பிட்டார்.

"சாமி, இது எந்திரிச்சு நடந்துருச்சுன்னா இந்த வருசமே மாலை போட்டு மலைக்கு வாரேன்."

மறுநாள் அது எழுந்து, தள்ளாடித் தள்ளாடிக் கேட்டருகே போய்க் குரைத்தது. நான் போய்த் திறந்துவிட்டேன். வெளியே போகவில்லை. அன்றைக்கு மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. ஈரல், முட்டை, கறின்னு தினமும் அளவாக் குடுங்க. சாப்பாட்டை விட்டுச்சுன்னா மறுபடி படுத்துரும். வயசான நாய், இன்னொரு தடவை எந்திரிக்கிறது கஷ்டம்."

கார்த்திகை முதல் தேதி என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் விரதம். கறுப்பு வேட்டி, வெறுங்கால், காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளியல். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டில் கவிச்சி வேகக் கூடாது. முந்தின நாளே அடுப்படியைக் கழுவிவிட்டு, கறி வேகவைக்கும் சட்டியைப் பரண்மேல் தூக்கிப் போடப் போனபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஏங்க, நாய்க்கு?"

"நாய்க்கு என்ன?"

"ஈரல் எங்க வேகவைக்கிறது?"

அவர் முகம் போன போக்கை இப்போதும் மறக்க முடியவில்லை. நாய்க்காக நேர்ந்துகொண்ட விரதம் நாயின் தட்டிலேயே கை வைத்துவிட்டது. இது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நிமிஷம்வரை தோன்றவேயில்லை. விரதத்தைத் தள்ளிப்போடலாம் என்றால், சாமியிடம் 'இந்த வருசமே' என்று சொல்லியாகிவிட்டது. வாக்குத் தவறினால் அதுவும் நாயின் தலையில்தான் விடியும் என்று அவருக்குப் பயம்.

இதில் இன்னொரு கூத்து. நாய்க்காக மாலை போட்டேன் என்று வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். மகள் கல்யாணத்துக்காக என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார். அவள் பெங்களூரிலிருந்து போன் செய்து, "எனக்காக ஏம்ப்பா வெறுங்கால்ல நடக்குறீங்க" என்று அழுதாள். இவர் "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சோபாவில் நாய் படுத்திருந்தது. எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

மோர் சாதம் வைத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது. பருப்புச் சோறு, நெய்ச் சோறு, இட்லி, எதையும் தொடவில்லை. கறி மாதிரி இருக்கிறதே என்று மீல் மேக்கரை வேகவைத்துக் கலந்தேன். ஒவ்வொரு உருண்டையாக வாயில் போட்டு, மென்று பார்த்து, தட்டுக்கு வெளியே வரிசையாகத் துப்பி வைத்தது. என் கணவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கெஞ்சினார்.

"சாமி, ஒரே ஒரு வாய் சாமி. சொன்னாக் கேளு சாமி."

மூன்று நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் கேட்டருகே போய்க் குரைப்பதையும் நிறுத்திவிட்டது. டாக்டரம்மா சொன்னது என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. "சாமி பாத்துக்குவாரு" என்றார் இவர். எனக்குச் சுறுசுறுவென்று ஏறிக்கொண்டு வந்தது. மாலை போட்டவரிடம் சண்டை போடக் கூடாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

பள்ளிக்கூடம் சமயநல்லூரில் இருக்கிறது. பக்கத்து வகுப்பு டீச்சருக்கு வீடும் அங்கேயே. அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து உப்பில்லாமல் வேகவைத்த ஈரலும் இரண்டு முட்டையும் ஒரு டப்பாவில் கொண்டுவந்து தந்தார். சாயங்காலம் திரும்பியதும் கைப்பையைக்கூட வைக்காமல் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குப் போவேன். அங்கே கருவேலஞ்செடி மறைவில் அதற்குப் பரிமாறுவேன். பிறகு அதன் வாயை ஈரத்துணியால் துடைத்து, டப்பாவை மண் போட்டுத் தேய்த்து, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு விளக்கேற்றுவேன். வீட்டுக்குள் கவிச்சி வரவில்லை, வீட்டு ஆள் கையால்தான் போகிறது, அப்படியானால் இந்தப் பாவம் யார் கணக்கில் சேரும்? நான் கணக்கு டீச்சர். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு வரவில்லை.

நாய் தேறியது. கண்ணில் வெளிச்சம் வந்தது. கேட்டருகே போய்க் குரைக்கத் தொடங்கியது. "பாத்தியா, சாமி கைவிடல" என்றார் என் கணவர். நான் கைப்பைக்குள் டப்பாவை இன்னும் அடியில் தள்ளி வைத்தேன்.

ஆனால் இரண்டாவது வாரத்தில் எனக்கு ஒன்று புரியாமல் போனது. வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத நாய், என் கையால் ஒரு வேளை மட்டும் தின்கிற நாய், மளமளவென்று பெருத்துக்கொண்டே போனது. சில நாள் டப்பாவைத் திறந்தால் ஈரலை முகர்ந்துவிட்டு, முட்டையை மட்டும் வேண்டாவெறுப்பாகத் தின்றது. டீச்சர் கைப்பக்குவம் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அதோடு இவருக்கும் பக்தி முற்றிக்கொண்டே வந்தது. விடியற்காலையில் குளித்து, நாயைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வருவார். வந்ததும் மறுபடி தலைக்குக் குளிப்பார். அந்தக் குளிரில் காலையிலேயே இரண்டு குளியல். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

முதல் தடவை மலைக்குப் போகிறவரைக் கன்னிசாமி என்பார்கள். கன்னிசாமி தன் வீட்டில் பூஜை வைத்து, கூட வரும் சாமிமார்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை. இருபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிப் போகிற குருசாமி, பல வருஷம் மலை ஏறியவர், நடுவில் உட்கார்ந்து பாட, கூடம் நிறையச் சரணம் கேட்டுக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து வந்தது. யாரையும் பார்க்காமல் நேரே விளக்குக்கு முன்னால் போய் நின்றது. முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கம் மட்டும் உயர்ந்து நிற்க, அப்படியே கிடந்தது.

பாட்டு நின்றுவிட்டது.

"சாமி கும்பிடுது, சாமி" என்றார் ஒருவர், மெதுவாக.

குருசாமி கைகூப்பினார். எழுந்து வந்து நாயின் நெற்றியில் சந்தனம் வைத்தார். பிறகு எழுந்த சரணம் தெருமுனைவரை கேட்டிருக்கும். நாலாப்பக்கமும் செல்போனை நீட்டிப் படம் பிடித்தார்கள். என் கணவருக்குக் கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. யாருக்காக மாலை போட்டாரோ அதுவே வந்து சாமிக்கு நன்றி சொல்கிறது என்று அவர் நினைத்திருப்பார். எனக்கும் மெய்சிலிர்த்தது, பொய் சொல்வானேன். சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டு நானும் கைகூப்பினேன்.

நாய் மறுபடி கும்பிட்டது. இரண்டாவது தடவை அடுப்படியைப் பார்த்து. மூன்றாவது தடவை விளக்குக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு. "அன்னத்துக்கும் பூமிக்கும் நன்றி சொல்லுது" என்று ஒருவர் விளக்கம் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கு எங்கேயோ இடறியது. ஆனால் இலை போட நேரமாகியிருந்தது.

மறுநாள் காலையில் அந்த வீடியோ சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் நானும் பார்த்தேன். இவர் பூஜையில் இருந்ததால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். சரணம் கேட்காதபோது அது வேறு மாதிரி இருந்தது. நாயின் கண் எதையும் பார்க்கவில்லை. வயிறு இறுகியிருந்தது. நெற்றியில் சந்தனம் வைக்கும்போது அது குருசாமியின் கைக்கு விலகி முகத்தைத் திருப்பியது. நான் நாயைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அது வாந்தி எடுத்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே முன்னங்காலை நீட்டி, அதே மாதிரி குனிந்து கிடந்தது. அங்கே விளக்கும் இல்லை, சாமியும் இல்லை. இது யாரைக் கும்பிடுகிறது என்று ஒரு நிமிஷம் திகைத்து நின்றேன்.

இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும், இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத குரலில் அது அழுதது. நான் வீடியோவைக் காட்டினேன். அவர் முழுதாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"இது கும்பிடலம்மா. வயிறு தாங்க முடியாம வலிச்சா நாய் இப்படித்தான் குனியும். கணையம் வீங்கியிருக்கு. எண்ணெய், கொழுப்பு அதிகமாப் போனா இப்படி வரும். என்ன குடுத்தீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"மோர் சாதம்" என்றார் இவர்.

"மோர் சாதத்துக்கு இது வராதுங்க. உண்மையச் சொன்னாத்தான் நான் மருந்து போட முடியும்."

"நான் ஈரல் குடுத்தேன்" என்றேன். "தினமும் சாயங்காலம். ரெண்டு முட்டையும். வெளியில வச்சுத்தான்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமில்லை. பிடிபட்டவர் மாதிரி இருந்தார்.

"சாயங்காலமா?" என்றார். "நான் காலையில குடுத்தேன்."

திண்டுக்கல் ரோட்டில் விடிந்ததும் இட்லியும் குடல் குழம்பும் போடுகிற ஒரு கடை இருக்கிறது. கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் அங்கே போய், ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, கடைக்காரரைக் கையசைத்துக் கூப்பிடுவாராம். கறுப்பு வேட்டியும் மாலையுமாக நிற்கிறவர் குடல் கேட்டதும் கடைக்காரர் முதல்நாள் ஏற இறங்கப் பார்த்தாராம். "எனக்கில்ல அண்ணே, நாய்க்கு" என்று விளக்கம் சொல்லி, அவர் இலையில் வைத்துக் கொடுக்கிற எண்ணெய் மிதக்கும் குடலை நாய்க்குப் போட்டிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேலாக. இரண்டாவது குளியல் அதற்குத்தான். நான் பக்தி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அவர் வேட்டியை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மருந்துச் சீட்டை எழுதினார். "மூணு நாள் டிரிப்ஸ் போடணும், இங்கயே இருக்கட்டும். பதினோரு வயசு. பொழச்சுரும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

அந்த மூன்று நாளும் வீடு வீடாக இல்லை. கேட்டருகே யாரும் குரைக்கவில்லை. விரதம் முறிந்துவிட்டதா இல்லையா என்று இவர் குருசாமிக்குப் போன் செய்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக் கேட்டார். "எனக்கே குழப்பமா இருக்கு சாமி" என்றார் அவர். மாலையைக் கழற்றினால் வாக்குத் தவறியதாகும். போட்டுக்கொண்டிருந்தால் பொய். இவர் மாலை மணிகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் சோறு உண்ணாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

எனக்கோ வேறொரு யோசனை ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போது இவர் எந்தச் சாமிக்கும் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு வேளாவேளைக்குக் காபி கொண்டுவந்தார், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் தலைமாட்டில் உட்கார்ந்து இப்படிக் கைகூப்பவில்லை. சாகக் கிடக்கிற நாயின்மேல் பொறாமைப்படுகிறோமே, நாம் என்ன பிறவி என்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அது பிழைக்க வேண்டும் என்றும் ஓயாமல் வேண்டிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் போனபோது நாய் நின்றுகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் வாலை ஆட்டியது. டாக்டரம்மா சிரித்தார். "கூட்டிட்டுப் போங்க. ஆனா இனிமே கறி, ஈரல், முட்டை மஞ்சக்கரு எதுவும் கிடையாது. குழைஞ்ச சோறு, தண்ணியா மோர். பசிச்சாத் தின்னும். ஆயுசுக்கும் இதுதான்."

நாற்பத்தெட்டு நாளுக்கு நாங்கள் படாதபாடு பட்டு மீறிய விரதத்தை அவர் நாய்க்கு ஆயுள்முழுதுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். இவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. டாக்டரம்மாவையே "சாமி, சாமி" என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டரில் முன்னால் கால் வைக்கிற இடத்தில் நாயை நிறுத்திக்கொண்டு இவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இவர் வண்டியை அணைத்துவிட்டு நாயின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"வாயில்லாத ஜீவன்" என்றார். "அம்புட்டு வலியையும் வச்சுக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல பாரு."

"அது சொல்லுச்சுங்க" என்றேன். "அம்புட்டுப் பேருக்கு முன்னாடி வந்து சொல்லுச்சு. நாமதான் கும்பிடுதுன்னு சொன்னோம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"ஆபரேசனுக்கு முன்னாடி நான் பூஜை ரூம்ல குனிஞ்சு கெடப்பேன்ல. அது பக்தி இல்லங்க."

எட்டு மாதம் அப்படிக் கிடந்திருக்கிறேன். சமையலை முடித்ததும் பூஜை அறைக்குள் போய், முழங்காலை வயிற்றோடு மடக்கி, நெற்றி தரையில் படக் குனிந்துகொள்வேன். அப்படி இருந்தால் வலி கொஞ்சம் மட்டுப்படும். வீட்டில் அந்த ஓர் இடத்தில்தான் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். "இவளுக்கு இப்பல்லாம் சாமி பக்தி சாஸ்தியாயிருச்சு" என்று இவர் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். நானும் இல்லை என்று சொன்னதில்லை. கூடத்தில் ரத்தப்போக்கோடு நான் மயங்கி விழுந்த அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது.

இவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் வந்து போனது. கேட் திறந்தது. பின்னாலிருந்த வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் இவர் வண்டியை எடுத்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இப்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து நான்கு வருஷமாகிவிட்டது. ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று எனக்குத் தெரியவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.